கால்ப்ரொடெக்டின் 186 வந்திருக்கு, இது ஐபிஎஸ்ஸா இல்ல குடல்ல புண்ணா? (ரங்கூன்)

தாமுவே தம்பி
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க சத்தமில்லாம படிச்சிட்டு போறவன், இன்னைக்குதான் எழுதறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க, எங்களுக்கு தமிழ் கோயில் வகுப்புல படிச்சதுதான். வயசு 31, செல்போன் கடைல வேலை. நாலு வருசமா வயித்துப் பிரச்சனை. காலைல ஆறு மணிலேந்து ஒம்போது மணிக்குள்ள நாலு தடவ அஞ்சு தடவ போகணும், முறுக்கி புடிக்கும், போயிட்டு வந்தா லேசாகும், பஸ் ஏறுனதும் மறுபடி ஆரம்பிக்கும். பஸ்ல ஜன்னல் ஓரமா உக்காந்து வேர்த்து ஊத்துனவங்களுக்குதான் இது புரியும். லீவு நாள்ல பாதிகூட இருக்காது. இதுக்கு மூணு தடவ மோஷன் டெஸ்ட் எடுத்து மூணு தடவையும் அமீபான்னு சொல்லி மெட்ரோனிடசோல் கோர்ஸ் குடுத்தாங்க, வாய் கசந்து நாக்கு செத்துப்போனதுதான் மிச்சம். போன மாசம் ஒரு புது ஸயாமாகிட்ட (லேடி டாக்டர்) போனேன், அவங்க ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்) மாதிரிதான் தெரியுது, எதுக்கும் மோஷன்ல கால்ப்ரொடெக்டின்னு ஒரு டெஸ்ட் பாத்துருவோம்னாங்க. ரிசல்ட் 186, பக்கத்துல சிவப்புல "அதிகம்"னு போட்டிருக்கு. ஸயாமா ஊர்ல இல்ல, அடுத்த வாரம்தான் பாக்க முடியும். நெட்டுல தேடுனா க்ரோன்ஸ், கேன்சர்னு என்னென்னமோ வருது, ரெண்டு நாளா தூக்கமே இல்ல. ரத்தம் போறதில்ல, எடை குறையல, ஹீமோகுளோபின் 14.1, சிஆர்பி (உடம்புல வீக்கம் இருக்கான்னு காட்டற ரத்த டெஸ்ட்) நார்மல். கேமரா விட்டுதான் பாக்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மிளகுத்தண்ணி
தம்பி இதெல்லாம் காசு புடுங்கற டெஸ்ட். எங்க காலத்துல வயிறு சரியில்லன்னா மாதுளம்பழத் தோல காயவச்சு பொடிச்சு மோர்ல கலக்கி குடிப்போம், ரெண்டு நாள்ல கல்லு மாதிரி ஆயிடும். மோஷன எடுத்துட்டு போயி எவனோ ஒருத்தன்கிட்ட குடுத்து நம்பர் வாங்கிட்டு வந்து பயந்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க.

லேப் அக்கா (மோல்மேன்)
தம்பி மொதல்ல மூச்ச விடுங்க. நான் லேப்ல 17 வருசமா வேல பாக்கறேன், டாக்டர் இல்ல, அத மனசுல வச்சிக்கிட்டு படிங்க.

கால்ப்ரொடெக்டின்னா என்னன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். நம்ம ரத்தத்துல நியூட்ரோஃபில்னு ஒரு வெள்ளணு இருக்கு, எங்க சண்டையோ அங்க மொதல்ல ஓடிவர்ற கூட்டம் அதுதான். அந்த அணுவுக்குள்ள நெறைய இருக்கிற ஒரு புரதம்தான் கால்ப்ரொடெக்டின், கிருமிக்கு வேண்டிய துத்தநாகத்த எல்லாம் புடிச்சு வச்சிக்கிட்டு அத பட்டினி போடறது இதோட வேல. குடல் சுவர்ல புண்ணு, வீக்கம் இருந்தா அந்த அணுக்கள் கூட்டங்கூட்டமா குடலுக்குள்ள கசியும், அதோட சேந்து இந்தப் புரதமும் மோஷன்ல வரும். அதத்தான் அளக்கறோம், ஒரு கிராம் மோஷனுக்கு எத்தன மைக்ரோகிராம்னு. பொதுவா 50க்கு கீழ நார்மல்னு வச்சிருக்காங்க. சில இடத்துல 100ஐ கோடா வச்சிருக்காங்க. 250க்கு மேல போனா குடல்ல நெசமாவே ஏதோ எரியுதுன்னு எடுத்துக்குவாங்க. உங்களுது நடுவுல மாட்டிக்கிச்சு, அது சாம்பல் கலர் ஏரியா, அவ்ளோதான்.

ஐபிஎஸ்ல குடல் பாக்க சுத்தமா இருக்கும், புண்ணு இருக்காது, ஆனா நரம்பும் அசைவும் தப்புத்தாளம் போடும். வலி நெசம், பேதி நெசம், ஆனா வெள்ளணு வந்து குவியாது. ஐபிடின்னு சொல்ற க்ரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ரெண்டுலயும் நெசமான புண்ணு. அறிகுறிய மட்டும் வச்சு ரெண்டையும் பிரிக்கறது கஷ்டம், அதுக்காகத்தான் இந்த டெஸ்ட். இங்கிலாந்துல 2013லயே இத, கேன்சர் சந்தேகம் இல்லாத பெரியவங்களுக்கு ஐபிஎஸ்ஸையும் ஐபிடியையும் பிரிச்சுப் பாக்க எடுக்கலாம்னு சிபாரிசு பண்ணிட்டாங்க.

ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. டெஸ்ட்டுக்கு முன்னாடி ரெண்டு மூணு வாரத்துல ஏதாவது மாத்திர சாப்ட்டீங்களா? வலி மாத்திர, அசிடிட்டி மாத்திர, எதுவா இருந்தாலும்.

தாமுவே தம்பி
இல்லக்கா, ஸயாமாவும் கேட்டாங்க, ஒண்ணும் சாப்டலன்னுதான் சொன்னேன்.

பெகு பாலு
தம்பி எனக்கு எட்டு வருசமா அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். உங்களுக்கு இருக்கிறது எனக்கு இருந்த மாதிரியே தெரியல, அதையும் சொல்லிடறேன். எனக்கு ரத்தம் வந்துச்சு, அஞ்சு மாசம் மூலம்னு நெனச்சிக்கிட்டு களிம்பு தடவிக்கிட்டு இருந்தேன், வெக்கம்தான் காரணம், வேற ஒண்ணுமில்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு மூணு மணிக்கு எழுப்பும். தூக்கத்துலேந்து எழுப்பிவிட்டு ஓட வைக்கிற பேதி சாதாரணமில்லன்னு எங்க ஸயா (டாக்டர்) சொல்வாரு, ஐபிஎஸ்காரன் வயிறும் அவனோடயே தூங்கும்பாரு. டெஸ்ட் எடுத்தப்ப எனக்கு 1840. அப்புறம் கேமரா விட்டு பாத்து சதை எடுத்து மெசலமின்னு ஒரு மாத்திர ஆரம்பிச்சாங்க.

இப்ப எனக்கு அந்த டெஸ்ட் வேற மாதிரி உதவுது. நல்லா இருக்கேன்னு நானா மாத்திரய நிறுத்திட்டேன், (திட்டாதீங்க, வீட்டுல ஏற்கனவே திட்டிட்டாங்க) 90ல இருந்தது 420க்கு போச்சு. அப்ப எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல, மொகிங்கா (மீன் கொழம்பு நூடுல்ஸ்) ரெண்டு கிண்ணம் அடிச்சிட்டு திரியறேன். மூணு வாரம் கழிச்சு ரத்தம். நம்பருக்கு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு.

மிளகுத்தண்ணி
பாலு, ரத்தம் வந்தா டாக்டர்கிட்ட போகணும்னு எனக்கும் தெரியும்யா. நான் சொல்றது தம்பிக்கு. ரத்தமே வராதவனுக்கு எதுக்கு இவ்வளவு?

லேப் அக்கா (மோல்மேன்)
//ரத்தமே வராதவனுக்கு எதுக்கு//

ஐயா, ரத்தம் வராதவங்களுக்குதான் இந்த டெஸ்டே. ரத்தம் போறவங்க, எடை இறங்குறவங்க, ரத்தசோகை இருக்கிறவங்க, அம்பது வயசுக்கு மேல புதுசா பழக்கம் மாறுனவங்க, வீட்டுல யாருக்காவது குடல் கேன்சர் இருந்தவங்க, இவங்கல்லாம் இந்த நம்பருக்காக காத்துக்கிட்டு இருக்கக்கூடாது, நேரா ஸ்பெஷலிஸ்ட்தான். இந்த டெஸ்ட்டோட பெரிய பலமே "இல்ல"ன்னு சொல்றதுதான். சின்ன வயசு, பயமுறுத்தற அறிகுறி எதுவும் இல்ல, நம்பர் 50க்கு கீழன்னா ஐபிடி இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி, கேமரா விட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. காசு புடுங்கற டெஸ்டுன்னீங்க, அது மிச்சம் பண்ற காசும் இருக்கு. ஆனா சிறுகுடல்ல மட்டும் இருக்கிற க்ரோன்ஸ் சில நேரம் இதுல சிக்காம நழுவும், அதனால நம்பர் கம்மின்னாலும் உடம்பு இளைச்சிக்கிட்டே போனா விடக்கூடாது.

"ஆமா"ன்னு சொல்றதுல இது அவ்வளவு கெட்டி இல்ல. ஏன்னா வெள்ளணு எதுக்கு வந்துச்சுன்னு அது சொல்லாது. பாக்டீரியா பேதிக்கும் வரும், கேன்சருக்கும் வரலாம், வலி மாத்திரைக்கும் வரும். நாலு வயசுக்கு கீழ இருக்கிற கொழந்தைங்களுக்கு ஒண்ணுமே இல்லாம கூடுதலா இருக்கும்.

தட்டோன் செல்வி
அக்கா சொல்றத நான் அனுபவிச்சே பாத்துட்டேன். என் கொழுந்தனுக்கு 700க்கு மேல வந்துச்சு. ஒம்போது கிலோ இறங்கிட்டாரு, சாயங்காலம் ஆனா காய்ச்ச, வலது பக்கம் அடிவயித்துல கட்டி மாதிரி. ஒரு எடத்துல பாத்துட்டு க்ரோன்ஸுன்னு ஸ்டீராய்ட் குடுத்துட்டாங்க. ரெண்டு வாரம் ஆள் பறந்தாரு, நல்லா சாப்ட்டாரு, எங்க மாமியார் கோயில்ல போயி பொங்கல்கூட வச்சிட்டாங்க. மூணாவது வாரம் அப்படியே விழுந்துட்டாரு. வேற ஆஸ்பத்திரில கேமரா விட்டு சதை எடுத்து பாத்தா குடல் டிபி. நெஞ்சுல ஒண்ணுமே இல்ல, இருமல் இல்ல, யாருக்கு தோணும்? ஆறு மாசம் டிபி மாத்திர, இப்ப திடமா இருக்காரு.

டெஸ்ட் பொய் சொல்லல, எரியுதுன்னு சொல்லுச்சு. யாரு கொளுத்துனதுன்னு பாக்காம தண்ணிக்கு பதிலா எண்ணெய ஊத்திட்டாங்க.

லேப் அக்கா (மோல்மேன்)
செல்வி, இத நான் இங்க பெரிய எழுத்துல போடணும்னு நெனைக்கறேன். நம்ம ஊர் மாதிரி டிபி நெறைய இருக்கிற நாட்டுல இது ரொம்ப முக்கியம். சிறுகுடலும் பெருங்குடலும் சேர்ற எடம்தான் டிபிக்கும் புடிச்ச எடம், க்ரோன்ஸுக்கும் புடிச்ச எடம். கேமராவுல பாத்தாலும் ஒண்ணு போலவே இருக்கும், கால்ப்ரொடெக்டின் ரெண்டுலயும் ஏறும். சதை எடுத்து பாக்கணும், டிபி கிருமிய தேடற ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்ட் போட்டு பாக்கணும், அதுக்கப்புறமும் சில பேருக்கு மொதல்ல டிபி மருந்து குடுத்து என்ன ஆகுதுன்னு பாத்துதான் முடிவு பண்றாங்க. நெட்டுல படிக்கிறது எல்லாம் குளிர் நாட்டுக்காரங்க எழுதுனது, அங்க 700னா ஐபிடின்னு நேரா போயிடுவாங்க, இங்க நடுவுல டிபியும் அமீபாவும் குந்திக்கிட்டு இருக்கு.

அமீபான்னதும் ஞாபகம் வருது. தம்பி, உங்க மூணு ரிப்போர்ட்லயும் என்ன போட்டிருந்துச்சு? அசையற அமீபாவா, இல்ல சிஸ்ட்டா (ஓட்டுக்குள்ள அடங்கிக் கெடக்கற அமீபா)?

தாமுவே தம்பி
ரெண்டு ரிப்போர்ட் கைல இருக்குக்கா. ரெண்டுலயும் சிஸ்ட், பக்கத்துல ஒரு பிளஸ்.

லேப் அக்கா (மோல்மேன்)
நெனச்சேன். என் தொழில நானே குத்தம் சொல்ற மாதிரி இருக்கும், இருந்தாலும் சொல்றேன். ஆள் கெடுக்கிற அமீபா ஒண்ணு, ஹிஸ்டோலிட்டிகான்னு பேரு. அச்சுல வார்த்த மாதிரி அதே உருவத்துல சாதுவா ஒண்ணு இருக்கு, டிஸ்பார். 1993லதான் ரெண்டும் வேறன்னு பிரிச்சு எழுதுனாங்க. சிஸ்ட்ட மைக்ராஸ்கோப்புல பாத்து இது அதுவா இதுவான்னு யாராலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. செவப்பணுவ முழுங்கிட்டு நகர்ற அமீபாவ பாத்தா மட்டும்தான் நம்பலாம், இல்லன்னா ஆன்டிஜன் டெஸ்ட். அதுக்கும் மேல, வெள்ளணுவ பாத்து அமீபான்னு எழுதற ஆளுங்களும் இருக்காங்க. கூட்டம் நிக்கும், கரண்ட் எப்ப போகும்னு தெரியாது, ஒரு ஸ்லைடுக்கு ரெண்டு நிமிசம்கூட கெடைக்காது. அதனால ரத்தபேதி இல்லாம சிஸ்ட் ஒரு பிளஸ்ஸுக்கு மூணு கோர்ஸ் மெட்ரோனிடசோல் சாப்ட்டது... சரி விடுங்க.

ஆனா ஒரு வித்தியாசம் எல்லாரும் தெரிஞ்சிக்கணும். அமீபா பாக்க குடுக்கிற தண்ணி மோஷன் சூடு ஆறதுக்குள்ள, அரை மணி நேரத்துக்குள்ள லேப் மேசைக்கு வரணும், ஆறிப்போனா செத்து உருண்டுக்கும், ஒண்ணும் தெரியாது. கால்ப்ரொடெக்டின் அப்படி இல்ல, கெட்டியான புரதம், குடல்ல இருக்கிற பாக்டீரியாவாலயே அத தின்ன முடியல, வெளிய ரெண்டு மூணு நாள் தாங்கும். கரண்ட் போயி ஃப்ரிட்ஜ் நின்னா பதறாதீங்க. ஆனா வெயில்ல பைக் பெட்டிக்குள்ள வச்சிட்டு ஊர் சுத்தாதீங்க, அதுவும் நடந்திருக்கு.

பெகு பாலு
ஃப்ரிட்ஜ்னு சொன்னதும் எங்கம்மா ஞாபகம். நாலு கவர் போட்டு சுத்தி கீழ் தட்டுல வச்சேன், காய்ச்சுன பால் இருக்கிற பக்கம்கூட இல்ல. ஃப்ரிட்ஜயே துடைச்சு மஞ்சத்தண்ணி தெளிச்சாங்க. ஒரு வாரம் அதுலேந்து தண்ணி எடுத்து குடிக்கல.

தட்டோன் செல்வி
😂 எங்க வீட்லயா இருந்தா ஃப்ரிட்ஜயே வித்துருப்பாங்க.

சும்மா பாக்கறவ
அக்கா ஒரு சந்தேகம், எப்படி எடுக்கணும் அத? டப்பால நேராவா? கேக்க கூச்சமா இருக்கு, லேப்ல ஆம்பள பையன் உக்காந்திருக்கான்.

லேப் அக்கா (மோல்மேன்)
கூச்சமே வேணாம்மா, நாங்க நாள் பூரா அதத்தான் பாக்கறோம். கக்கூஸ் தண்ணில விழுந்தத எடுக்கக்கூடாது, ஒண்ணுக்கு கலக்கக்கூடாது. கீழ ஒரு பழைய பேப்பரோ பிளாஸ்டிக் கவரோ விரிச்சுக்கங்க. மூடியோட ஒட்டுன சின்ன கரண்டி இருக்கும், அதால ரெண்டு மூணு எடத்துலேந்து கொஞ்சம் கொஞ்சமா, மொத்தம் ஒரு சுண்டைக்காய் அளவு போதும். சில பேர் டப்பாவ ரொப்பி கொண்டாந்து குடுப்பாங்க, தொறக்கும்போது எங்க மூஞ்சிலதான். வெறும் வயித்துல இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. காலைல மொத தடவ போறத எடுத்தா நல்லது, அடுத்த தடவையும் அதே மாதிரி எடுங்க, அதே லேப்ல குடுங்க, ஒவ்வொரு கிட்டும் ஒவ்வொரு நம்பர் காட்டும், ஒரு லேப்ல 120 இன்னொரு லேப்ல 200ன்னு வந்து சண்ட போட்டவங்க இருக்காங்க.

தாமுவே தம்பி
அக்கா ஒரு விசயம். நீங்க மாத்திர கேட்டீங்கல்ல. நேத்து ராத்திரி படுக்கும்போதுதான் பொறி தட்டுச்சு. கடைல பெட்டி தூக்கி முதுகு புடிச்சிக்கிச்சு, தெருமுனை மருந்துக்கடைல நாலு மாத்திர கலந்து சின்ன பொட்டலமா மடிச்சு குடுப்பாங்கல்ல, அது ஒரு நாளைக்கு ரெண்டு வேள பத்து நாளு சாப்ட்டேன். டெஸ்ட் குடுக்கறதுக்கு மொத நாள்கூட சாப்ட்டேன். சத்தியமா அது மருந்துன்னே மனசுல ஓடல, ஸயாமா கேட்டப்ப இல்லன்னு சொன்னது பொய் இல்ல, அது எனக்கு டீ மாதிரி. மிச்சம் ஒரு பொட்டலம் சட்டப் பையில இருந்துச்சு, பிரிச்சு பாத்தேன், ஒரு மஞ்ச, ஒரு ஆரஞ்சு, ரெண்டு வெள்ள. எதுலயும் பேர் இல்ல.

லேப் அக்கா (மோல்மேன்)
பாத்தீங்களா. அந்தப் பொட்டலத்துல டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திர ஒண்ணு இருக்கறது சகஜம். அந்த ஜாதி மாத்திர குடல் உள்தோல புண்ணாக்கலாம், கால்ப்ரொடெக்டின ஏத்தலாம். அதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா 186க்கு அது ஒண்ணே போதும். மிச்சம் இருக்கிற பொட்டலத்த அப்படியே ஸயாமாகிட்ட கொண்டு காட்டுங்க. சில பொட்டலத்துல ஸ்டீராய்டும் இருக்கும், அது செல்வி சொன்ன கதை மாதிரி வேற வினை. அநேகமா எல்லாத்தையும் நிறுத்தி நாலு ஆறு வாரம் கழிச்சு திரும்ப எடுக்க சொல்லுவாங்க.

மிளகுத்தண்ணி
அந்தப் பொட்டலத்த நானும்தான் பதினஞ்சு வருசமா சாப்பிடறேன், மூட்டு வலிக்கு.

லேப் அக்கா (மோல்மேன்)
ஐயா நீங்க மாதுளம் தோல பத்தி பேசுனப்பகூட நான் பயப்படல. இதுக்கு பயப்படறேன். ஒரு தடவ ஹீமோகுளோபினும் கிட்னியும் பாத்துருங்க, தயவுசெஞ்சு. ஆனா திடீர்னு நிறுத்திடாதீங்க, உள்ள ஸ்டீராய்ட் இருந்தா சட்டுனு விடறதும் ஆபத்து, டாக்டர்கிட்ட பொட்டலத்தோட போங்க.

மிளகுத்தண்ணி
ம். பாக்கறேன்.

தாமுவே தம்பி (பத்து வாரம் கழிச்சு)
எல்லாருக்கும் வணக்கம், மறந்துட்டீங்களோ என்னமோ. பொட்டலத்த நிறுத்தி ஆறு வாரம் கழிச்சு, அதே லேப்ல, காலைல மொத தடவ, சுண்டைக்காய் அளவு. 32. ஸயாமா ரத்தத்துல சீலியாக்னு கோதுமை ஒத்துக்காத குடல் நோய்க்கு ஒரு டெஸ்டும் தைராய்டும் பாத்தாங்க, ரெண்டும் சரி. கேமரா வேணாம்னுட்டாங்க.

ஆனா ஒரு உண்மையச் சொல்லணும், 32ன்னு வந்த அன்னைக்கு காலைலயும் நாலு தடவ போனேன். நம்பர் நல்லாயிடுச்சு, வயிறு அப்படியேதான் இருக்கு. வீட்டுல "அதான் ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சே, அப்புறம் என்ன"ன்னு கேக்கறாங்க, இத்தன நாள் நடிச்சேன்ற மாதிரி. ஒண்ணுமில்லன்னு வரல, புண்ணு இல்லன்னுதான் வந்திருக்கு. ஸயாமாகிட்ட இத சொன்னேன், அவங்க சிரிக்கல, ஐபிஎஸ்ங்கறது மிச்சம் மீதிக்கு வைக்கிற பேர் இல்ல, அதுக்குன்னு கணக்கு இருக்குன்னாங்க. மூணு மாசமா வாரத்துல ஒரு நாளாவது வலி, போனா வலி மாறணும், எத்தன தடவன்றது மாறணும், கெட்டியா தண்ணியான்றது மாறணும், இந்த மூணுல கொறஞ்சது ரெண்டு பொருந்தணும், ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆயிருக்கணும். எனக்கு மூணுமே பொருந்துது.

சாப்பாட்டுல வெங்காயம், பூண்டு, பருப்பு, கடல இதெல்லாம் நாலு வாரம் கொறச்சு பாத்து அப்புறம் ஒண்ணொண்ணா திரும்ப சேத்து பாக்க சொன்னாங்க. நான் தெனம் காலைல என்ன சாப்பிடறேன்? மொகிங்கா. கடலமாவு கரைச்சு விட்ட கொழம்பு, வெங்காயம், பூண்டு, மேல பருப்பு வடைய பிச்சு போட்டு. மத்தியானம் லப்பெத்தோ (ஊறவச்ச தேயில சாலட்), அதுல வறுத்த பூண்டும் வறுத்த பயறும். நாலு வருசமா ஙாப்பி (ஊறவச்ச மீன் விழுது) மேலதான் பழி போட்டுக்கிட்டு இருந்தேன், அம்மா ஙாப்பிய வீட்டுலேந்தே ஒதுக்கிட்டாங்க, பாவம் அது. இப்ப மூணு வாரமா காலைல வெறும் சோறும் மீனும், ரெண்டு தடவைக்கு இறங்கியிருக்கு, நாளைக்கு எப்படியோ தெரியாது.

பெகு பாலு
32 வாழ்த்துக்கள் தம்பி. என்னுது 140, ஸயா 250க்கு கீழ இருந்தா திட்ட மாட்டாரு.

மிளகுத்தண்ணி
எனக்கு ஹீமோகுளோபின் 9.2 வந்திருக்கு. டாக்டர் மேல வயித்துக்கு கேமரா விடணும்ங்கறாரு. லேப் அம்மாவுக்கு சொல்லணும்னு தோணுச்சு.

லேப் அக்கா (மோல்மேன்)
போங்க ஐயா, தள்ளிப்போடாதீங்க. மேல மட்டும் இல்ல, கீழயும் பாக்கணுமான்னு கேளுங்க, உங்க வயசுக்கு கேக்கலாம். போயிட்டு வந்து இங்க எழுதுங்க.

சும்மா பாக்கறவ
அக்கா நான்தான், டப்பா பத்தி கேட்டவ. அப்ப முழுசா சொல்லல. எனக்கு 34. வீட்டுக்காரர் மலேசியால வேல, ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கிட்டு தனியா இருக்கேன், அதனால எங்க போனாலும் மன அழுத்தம், ஐபிஎஸ், நல்லா தூங்குங்கன்னுதான் சொல்றாங்க. தூங்கத்தான் முடியல, தெனம் மூணு மணிக்கு எழுப்புது. பாலு அண்ணன் எழுதுனத படிச்சதுலேந்து அதே நெனப்பு. தாவணி காலத்து பாவாட இப்ப இடுப்புல நிக்குது, எல்லாரும் ஒல்லியாயிட்டன்னு சந்தோசமா சொல்றாங்க. டெஸ்ட் குடுத்தா போதுமா?

லேப் அக்கா (மோல்மேன்)
இல்லம்மா. டெஸ்டும் குடுங்க, ஆனா அது வர்றவரைக்கும் காத்திருக்காதீங்க, இந்த வாரமே குடல் டாக்டர பாருங்க. மூணு மணிக்கு எழுப்புது, எடை எவ்வளவு கொறஞ்சிருக்கு, எத்தன மாசத்துல, இது மூணையும் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு போயி மேசைல வைங்க, வீட்டுக்காரர் எங்க இருக்காருன்னு கேட்டா அதுக்கப்புறம் சொல்லிக்கலாம். சாயங்காலம் காய்ச்ச வருதான்னும் பாத்து எழுதுங்க.

சும்மா பாக்கறவ
வருதுக்கா. வெயிலுக்குன்னு நெனச்சேன். நாளைக்கு புள்ளைங்கள ஸ்கூல்ல விட்டுட்டு அப்படியே போறேன்.

தட்டோன் செல்வி
எந்த ஊர்ல இருக்கீங்க? தனியா போகாதீங்க, தனிச்செய்தில சொல்லுங்க, பக்கம்னா நான் கூட வர்றேன்.